யாராவது ஒருத்தன் போதும்

புதிதாக வேலைக்குச் சேர்ந்த பணியாளர் அதிகாரிகளான உங்கள் பயிற்சி வகுப்புக்கு வந்து நாலு வார்த்தை பேசும்படி கூப்பிட்டீர்கள். வந்தேன். நல்ல காப்பி கொடுத்தீர்கள், குளிர்சாதன அறையில் உட்கார வைத்தீர்கள், அதிலெல்லாம் குறை இல்லை. ஆனால் நான் உட்கார்ந்திருந்த கொஞ்ச நேரத்துக்குள் உங்களில் ஒரு தம்பி தொலைபேசியில் யாரிடமோ, "ரெண்டு ஹெல்ப்பர் அனுப்பு, யாரா இருந்தாலும் பரவாயில்ல" என்று சொல்லிவிட்டு வைத்தார். எனக்குச் சுருக்கென்றது. பேச நினைத்து வந்ததெல்லாம் மறந்துபோய், உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், வேலையில் கவனம் வையுங்கள் என்று ஏதோ உளறிவிட்டு வீடு வந்து சேர்ந்தேன். அன்று சொல்லாமல் விட்டதை இப்போது எழுதுகிறேன். கிழவனுக்கு வேறு வேலை இல்லை என்று நினைத்துக்கொண்டாலும் சரி, முழுசாகப் படித்துவிடுங்கள்.

அறுபதுகளில் திருவள்ளூர்ப் பக்கம் ஒரு சின்னத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்து, எழுபதுகளில் கும்மிடிப்பூண்டிக்கு மாறினேன். அங்கே இரும்பை உருக்கி அச்சில் ஊற்றும் வார்ப்பாலை ஒன்றில் தொழிலாளர் நல அலுவலர் வேலை. அந்த வேலை எப்படிப்பட்டது என்று உங்களுக்கும் தெரியும். தொழிலாளி நம்மை முதலாளியின் ஆள் என்பான். முதலாளி நம்மைத் தொழிலாளியின் ஆள் என்பார். இரண்டு பக்கமும் திட்டு வாங்கத்தான் மாதாமாதம் சம்பளம் கொடுத்தார்கள்.

நான் சேர்ந்தபோது அந்த ஆலையில் யார் யார் என்று தூரத்திலேயே தெரியும். ஒருவன் சிவப்புத் துண்டைத் தலைப்பாகையாகக் கட்டியிருப்பான். ஒருவன் வெயிலோ மழையோ காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டுதான் வருவான். இன்னொருவன் சைக்கிள் கைப்பிடியில் குஞ்சலம் கட்டி வைத்திருப்பான். அந்தக் குஞ்சலத்தை வைத்தே அவன் எந்த ஷிப்ட் என்று வாசலில் சொல்லிவிடுவார்கள். பிறகு ஒரு புது மேலாளர் வந்தார். வந்த கையோடு எல்லோருக்கும் ஒரே நீலச் சட்டை, ஒரே நீலக் கால்சட்டை, ஒரே நீலத் தொப்பி. துண்டு கூடாது. காலர் மடித்திருக்க வேண்டும். சைக்கிளில் எந்த அலங்காரமும் கூடாது. உலைக்குப் பக்கத்தில் தொங்கும் துண்டு ஆபத்து என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். அந்த ஒரு விதிக்கு நானே கையெழுத்துப் போட்டேன். ஆனால் சைக்கிள் குஞ்சலம் யாரை என்ன செய்தது? கேட்டேன். "யூனிபார்ம்னா யூனிபார்ம்தான், இதுல என்ன கேள்வி?" என்றார் மேலாளர். அத்தோடு விட்டாரா? வாசலில் பல வருஷமாக நின்ற பழைய காவல்காரர்களை அனுப்பிவிட்டு, ஒரு காண்டிராக்டரிடமிருந்து காவலுக்கு ஆள் எடுத்தார். புதிதாக வந்தவர்களுக்கு எங்கள் ஆட்களில் ஒருவரையும் தெரியாது. அதனால் எல்லோருக்கும் போட்டோ ஒட்டிய அட்டை. அட்டையில் உள்ள முகமும் அட்டை வைத்திருப்பவன் முகமும் ஒன்றாக இருந்தால் உள்ளே விடு, இல்லாவிட்டால் விடாதே. இதுதான் உத்தரவு.

இந்தச் சமயத்தில் உலைக்கூடத்தில் ஒரு விபத்து. உருகிய இரும்பு சிதறி ஒருவனுக்குத் தோளிலும் மார்பிலும் காயம். பிழைப்பானா என்றே சந்தேகமாக இருந்தது. பெரியபாளையத்து ஆத்தாவிடம் அந்தக் கூடமே வேண்டிக்கொண்டது: அவன் எழுந்து வந்தால் நாங்கள் எல்லோரும் மொட்டை போடுகிறோம் என்று. அவன் எழுந்து வந்தான். ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் அத்தனை பேரும் குடும்பத்தோடு பெரியபாளையம் போய், வேப்பிலை கட்டி, பொங்கல் வைத்து, முடியைக் கொடுத்துவிட்டு வந்தார்கள். மீசை வைத்திருந்தவர்கள் மீசையையும் சேர்த்துக் கொடுத்தார்கள்.

திங்கட்கிழமை காலை என்ன நடந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரே நீலச் சட்டையில், ஒரே நீலத் தொப்பியில், தொப்பிக்குக் கீழே மழமழவென்று சந்தனம் பூசிய தலைகளாக ஒரு கூட்டம் வாசலில் வந்து நிற்கிறது. அட்டையிலோ சுருட்டை முடியும் கிருதாவும் மீசையுமாக வேறு யாரோ சிரிக்கிறார்கள். காவல்காரன் ஒருவரையும் உள்ளே விடவில்லை. அவனைக் குற்றம் சொல்ல முடியாது, அவனுக்குக் கொடுத்த உத்தரவு அப்படி. ஷிப்ட் மணி அடித்துவிட்டது. உள்ளே உலை தயாராக இருக்கிறது. வெளியே தள்ளுமுள்ளு.

நான் அப்போது அலுவலகத்தில் இருந்தேன். சத்தம் கேட்டு ஓடுவதற்குள் எங்கள் நிர்வாக அதிகாரி முந்திக்கொண்டு போய்விட்டார். நல்ல மனுஷன்தான், ஆனால் முன்கோபி. போனவர் காவல்காரன் கையிலிருந்து அட்டைகளைப் பிடுங்கி, வரிசையில் நின்றவர்களின் தொப்பியை ஒவ்வொன்றாகத் தன் கையாலேயே கழற்றி, போட்டோவையும் தலையையும் மாறி மாறிப் பார்த்திருக்கிறார். காய்கறிக் கடையில் பூசணிக்காயைத் தட்டிப் பார்ப்பதுபோலத் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார் என்று பிறகு சொன்னார்கள். அப்படி ஒருவன் தொப்பியில் கை வைத்தபோது யாரோ அவரைப் பிடித்துத் தள்ளினார்கள். வாசலை ஒட்டிய கழிவுநீர்க் கால்வாயில் அவர் விழுந்தார். மூக்குக் கண்ணாடி போயிற்று, முழங்கை பிசகிக்கொண்டது. நான் போய்ச் சேர்ந்தபோது அவரைத் தூக்கி நிறுத்திக்கொண்டிருந்தார்கள். தள்ளியது யார் என்று கேட்டேன். எல்லாம் மொட்டைத் தலையாக இருந்ததில் அவருக்கும் தெரியவில்லை, நின்றவர்களும் சொல்லவில்லை.

அன்று மத்தியானம் மேலாளர் என்னைக் கூப்பிட்டார். சாயங்காலத்துக்குள் ஒரு பெயர் வேண்டும் என்றார்.

"விசாரிக்கணும் சார். கண்ணால பார்த்தவங்க சொல்லணும்" என்றேன்.

"எத்தனை பேரை விசாரிப்பீங்க? எல்லாம் ஒரே மாதிரிதானே இருக்கானுங்க. யாராவது ஒருத்தன் போதும். ஒருத்தனை வெளிய அனுப்பினா மிச்சம் இருக்கிறவன் அடங்கிடுவான்."

"செஞ்சவன் வேற, நாம அனுப்புறவன் வேறயா இருந்தா?"

"அடங்கினா சரி" என்றார்.

இதை அவர் வில்லத்தனமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. மழை வந்தால் ஜன்னலைச் சாத்து என்பதுபோலச் சாதாரணமாகச் சொன்னார்.

அன்று சாயங்காலமே வாசல் காவல்காரனை வரவழைத்து, மொட்டை போட்டவர்களை வரிசையாக நிற்க வைத்து, தள்ளியவனைக் காட்டச் சொன்னார்கள். அவன் வரிசையை இரண்டு தரம் மேலும் கீழும் பார்த்தான். வேர்த்துக் கொட்டியது அவனுக்கு. கடைசியில் வரிசையின் ஓரமாக, தன் கைக்கு எட்டும் தூரத்தில் நின்றவனைக் காட்டினான். அவன் பெயர் எல்லப்பன்.

எல்லப்பன் பழவேற்காடு ஏரிக்கரையில் மீன்பிடிக் குப்பத்துக்காரன். அந்த ஊர்களில் ஏரியில் யார் எந்த இடத்தில் எப்போது வலை போடலாம் என்று முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்கள். அதைப் பாடு என்பார்கள். ஊர்க்கூட்டத்தில் பெயர் சொல்லிக் கொடுப்பது அது. ஆலை வேலைக்கு வந்தபோது எல்லப்பன் தன் பாட்டைக் கூட்டத்தின் முன்னால் தம்பிக்கு விட்டுக்கொடுத்துவிட்டு வந்தவன். ஆலை வேலை போனால் திரும்பிப் போய் வலையைத் தூக்க முடியாது. தம்பிக்கு இப்போது குடும்பம் இருக்கிறது. தவிர, அதிகாரியை அடித்துவிட்டு வேலை போய் வந்தவன் என்றால் அந்தக் கூட்டத்தில் அவன் உட்காரவே முடியாது. இதெல்லாம் எனக்கு ஏற்கெனவே தெரியும். அவனை வேலைக்கு எடுத்தபோது நான்தான் இரண்டு தடவை, யோசித்துச் செய் என்று சொன்னேன்.

அவனைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"நான் சைக்கிள் ஸ்டாண்டாண்ட நின்னுக்கினு இருந்தேன் சார். அந்தாளு விழுந்தத பாக்கவேயில்ல. சத்தம்தான் கேட்டுது."

"தள்ளினது யாருன்னு தெரியுமா?"

"அத என்னாண்ட கேக்காதீங்க சார்" என்று சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தான்.

மறுநாள் முறைப்படி விசாரணை. விசாரணை அதிகாரி நான். முதலில் சாட்சி. காவல்காரன் பெயர் முனுசாமி என்று வருகைப் பதிவில் இருந்தது. அவன் சுவரோரமாக நின்றான். "முனுசாமி" என்று கூப்பிட்டேன். அவன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். இன்னொரு தடவை கூப்பிட்டேன். பக்கத்தில் இருந்தவர் தோளில் தட்டிய பிறகுதான் திரும்பினான். எனக்கு எரிச்சல் தலைக்கேறியது.

"ஏன்யா, உன் பேர் சொல்லிக் கூப்பிட்டா உனக்குக் கேக்காதா?"

அவன் என்னைப் பார்த்தான், கதவைப் பார்த்தான், பிறகு தாழ்ந்த குரலில் சொன்னான்: "என் பேரு முனுசாமி இல்ல சார்."

"அப்ப முனுசாமி யாரு?"

"அவுரு ஊருக்குப் பூட்டாரு. சண்ட நடந்த அன்னிக்கே மத்தியானம் கிளம்பிப் பூட்டாரு. காண்டிராக்டரு என்ன அனுப்பிச்சாரு. அவுரு பேருலயே நில்லு, எவன் பாக்கப் போறான்னாரு."

"அப்போ திங்கட்கிழமை காலைல நீ வாசல்ல இல்லையா?"

"நான் எங்க ஊட்ல இருந்தேன் சார். வந்ததும் இஸ்துக்கினு போய் வரிசைக்கு முன்னால நிக்க வச்சிட்டாங்க. ஒருத்தன காட்டுன்னாங்க. காட்டாம போனா வேல பூடும்னு பேஜாராயி, கிட்ட இருந்தவர காட்டிட்டேன். அந்த அண்ணன் யாருன்னே எனக்குத் தெரியாது."

அறையில் இருந்தவர்களில் எல்லப்பன் மட்டும் சிரித்தான். சந்தோஷச் சிரிப்பு அல்ல அது. நான் காண்டிராக்டரை வரவழைத்தேன். அவர் வந்து உட்கார்ந்து, விஷயத்தைக் கேட்டுவிட்டு, என்னைத்தான் ஒரு மாதிரியாகப் பார்த்தார். "இன்னா சார் இதுக்குப் போயி? வாசலுக்கு ஒரு ஆள் வோணும்னீங்க, ஒரு ஆள் நிக்குது. யாரா இருந்தா இன்னா? இவனுக்கும் காக்கிச் சட்டைதானே போட்டு அனுப்பிச்சிக்கீறேன்?"

எனக்கு வாய்விட்டுக் கத்த வேண்டும் போலிருந்தது. முகத்தைப் பார்த்துத்தான் உள்ளே விடுவோம் என்று தொழிலாளிக்கு அட்டை போட்ட ஆலை, வாசலில் நிற்பவனுடைய முகத்தைப் பார்க்கவில்லை. யாரோ ஒருவன் யாரோ ஒருவனைக் காட்ட, யாரோ ஒருவனை வேலையைவிட்டு அனுப்ப நான் காகிதம் தயார்செய்துகொண்டிருக்கிறேன். என் படிப்புக்கும் அனுபவத்துக்கும் இதுவா வேலை என்று இருந்தது.

மேலாளரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். காண்டிராக்டர் விஷயம் வெளியே போனால் தனக்குத்தான் அசிங்கம் என்று அவருக்குப் புரிந்தது. "சரி, முடிச்சு விடுங்க" என்றார். நானும் கெட்டிக்காரத்தனமாக ஒரு முடிவு எழுதினேன். தள்ளியவர் இன்னார் என்று அடையாளம் காண இயலவில்லை, ஆகவே எல்லப்பன் மீதான நடவடிக்கை கைவிடப்படுகிறது. யாருக்கும் பாதகமில்லாத வாக்கியம். எழுதி முடித்ததும் எனக்கு ஒரு திருப்திகூட வந்தது. ஒரு குடும்பத்தைக் காப்பாற்றிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டேன்.

எல்லப்பனைக் கூப்பிட்டுப் படித்துக்காட்டினேன். கும்பிடுவான், கண் கலங்குவான் என்று எதிர்பார்த்தேன். அவன் அசையவில்லை.

"நான் தள்ளலன்னு இதுல இல்லியே சார்."

"அடையாளம் தெரியலைன்னு எழுதியிருக்கேனே. உன் வேலைக்கு ஒண்ணும் வராது."

"வேல நிக்கும் சார், தெரியுது. எங்க ஊர் கூட்டத்துல கேப்பாங்க. செஞ்சியா, செய்லியான்னு. செஞ்சேன்னு சொல்லணும், இல்ல செய்லன்னு சொல்லணும். தெரியலன்னு ஒரு பதில் அங்க கெடயாது. எல்லாரும் ஒரே மாதிரி கீறாங்க, அதனால இவன வுட்டுட்டோம்னு எழுதிக்கீறீங்க. மொட்ட போட்டா நான் எவனோ ஒருத்தன் ஆயிடுவனா?"

"வேற எப்படி எழுத முடியும்? நீ செய்யலைங்கிறதுக்கு யாராவது சாட்சி சொல்லணுமே" என்றேன், கோபமாகவே. காப்பாற்றியவனிடமே வம்புக்கு நிற்கிறானே என்று இருந்தது.

அவன் வெளியே போய் என் அறை வாசலில் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டான். வேலைக்கும் போகவில்லை, வீட்டுக்கும் போகவில்லை. சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார்கள், போகவில்லை. ஷிப்ட் மாறி உலைக்கூடத்து ஆட்கள் அந்த வழியாகப் போனார்கள். ஒவ்வொருவனும் அவனைப் பார்த்தான், அவன் ஒருவரையும் பார்க்கவில்லை. நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர்களில் ஒருவன் தாண்டிப்போய், நின்று, திரும்பி வந்தான். எல்லப்பனிடம் ஒன்றும் பேசாமல் நேராக என் அறைக்குள் நுழைந்து தொப்பியைக் கழற்றினான்.

கவரைப்பேட்டைக்காரன். சொந்த நிலத்தில் நெல் போடும் குடும்பம். பெயர் தணிகாசலம்.

"எழுதுங்க சார். தள்னது நானு."

எழுந்து போய்க் கதவைச் சாத்தினேன். பிழைக்கத் தெரியாதவனாக இருக்கிறானே என்று எனக்குப் பதறியது. "நான் எதையும் கேக்கலை. நீ எதையும் சொல்லலை. விஷயம் முடிஞ்சு போச்சு. யாருக்கும் தெரியாது, பேசாம வேலையைப் பாரு" என்றேன்.

"அதான் சார் பேஜாரு. யாருக்கும் தெரியாதுன்னா அத்தன பேர் மேலயும்தான் நிக்குது. அவன் நின்னுக்கினு கீறான் பாருங்க. நான் செஞ்சத அவன் ஏன் சொமக்கணும்? எம் பேரப் போடுங்க. எங்க நைனா பேரையும் சேத்துப் போடுங்க. தணிகாசலம்னு ரெண்டு பேர் கீறோம், அப்புறம் அவன இஸ்துக்கினு போவப் போறீங்க."

எத்தனையோ விசாரணை நடத்தியிருக்கிறேன். இல்லை, நான் இல்லை, அவன்தான் என்று சத்தியம் செய்தவர்களைத்தான் பார்த்திருக்கிறேன். செய்த காரியத்தின் மேல் தன் பெயரைப் போடச் சொல்லி வந்து நின்றவன் இவன் ஒருவன்தான். எனக்கு வெட்கமாக இருந்தது. என் கெட்டிக்கார வாக்கியத்தைக் கிழித்துப் போட்டேன்.

அவனை அழைத்துக்கொண்டு மேலாளரிடம் போனேன். அவர் அவனை மேலும் கீழும் பார்த்தார். அந்த ஆலைக்கு வந்த நாளாக ஒரு தொழிலாளியின் முகத்தை அவர் அத்தனை நேரம் பார்த்து நான் பார்த்ததில்லை. "ஏன் தள்ளினே?" என்று கேட்டார். இரண்டு நாளாக ஒருவரும் கேட்காத கேள்வி அது. நானும் கேட்கவில்லை.

"தொப்பிய கய்ட்டி தலையப் புடிச்சித் திருப்பினாரு சார். அது ஆத்தாவுக்குக் குடுத்த தல. கய்ட்டுன்னு சொல்லியிருந்தா நானே கய்ட்டியிருப்பேன். தள்னது தப்புதான் சார். தண்டன குடுங்க, வாங்கிக்கறேன்."

மேலாளர் அடங்கிவிட்டார் என்றோ திருந்திவிட்டார் என்றோ கதை கட்ட மாட்டேன். நீலச் சட்டை அப்படியே இருந்தது. குஞ்சலமும் திரும்பி வரவில்லை. ஆனால் தணிகாசலத்தை வேலையை விட்டு அனுப்ப அவருக்கு அன்று மனம் வரவில்லை. சில நாள் சம்பளமில்லாமல் நிறுத்தி வைத்தார். தொழிலாளியின் மேல் அதிகாரி கை வைத்ததும் தவறு என்று நான் அறிக்கையில் எழுதினேன். அதை அடிக்கச் சொன்னார். அடிக்க மாட்டேன் என்றேன். முறைத்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அன்று வீட்டுக்குப் போகும்போது, வேலை போனாலும் போகட்டும் என்ற துணிச்சலில்தான் போனேன்.

தம்பிகளே, அவசரத்தில் ஒரு முடிவு எடுக்கச் சொல்வார்கள். எப்போதும் அவசரம்தான், எனக்கும் அவசரமில்லாத நாள் ஒன்றுகூட இருந்ததில்லை. அப்போது உங்களுக்கு ஏதாவது ஒரு பொதுவான வாக்கியம் கைகொடுக்கும். யாருக்கும் வலிக்காது, யாரையும் குறிக்காது. அந்த வாக்கியம் கைக்கு வரும்போது பேனாவைக் கீழே வைத்துவிடுங்கள். மொட்டை போட்டவர்களெல்லாம் ஒரே மாதிரிதான் இருந்தார்கள். ஒருவனுக்காக எல்லோரும் சேர்ந்து அப்படி ஆனார்கள், அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. பார்க்க மாட்டேன் என்று கண்ணை மூடிக்கொண்டு எல்லாம் ஒன்றுதான் என்று சொன்னோமே, அதை நினைத்தால்தான் இன்றைக்கும் ஆத்திரம் வருகிறது.

அன்று மேலாளரின் கையெழுத்தோடு திரும்பி வந்தபோது எல்லப்பன் என் அறை வாசலில் அப்படியே நின்றிருந்தான். அவனுக்குப் பின்னால் உலைக்கூடத்து ஆட்கள் கூடியிருந்தார்கள். ஒருவனும் வீட்டுக்குப் போகவில்லை. உள்ளே வரச் சொன்னேன்.

"இங்கயே படிங்க சார்" என்றான்.

நின்றபடியே படித்தேன். "அதிகாரியைத் தள்ளியவர் இவர் அல்லர் என்று விசாரணையில் தெளிவாகிறது."

"இவர்னா யாரு சார்?"

எனக்கு எரிச்சல் வந்தது, மறுகணமே போய்விட்டது. பேனாவை எடுத்து, அந்தச் சொல்லை அடித்துவிட்டு மேலே எழுதினேன். பிறகு படித்தேன். "அதிகாரியைத் தள்ளியவர் எல்லப்பன் அல்லர்."

அவன் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கூட்டத்தின் பக்கம் திரும்பி நின்றான்.

"இன்னொரு தபா சார். பின்னால நிக்கிறவனுக்கும் கேக்கட்டும்."

தொண்டையைக் கனைத்துக்கொண்டு, என்னால் முடிந்த அளவு உரக்கப் படித்தேன்.